எண்பது கிராம் செம்மண்

சவரிமுத்து பார்த்த வேலைக்கு அரசாங்கக் காகிதத்தில் தரக்கட்டுப்பாட்டு உதவியாளர் என்று பெயர். ஊரில் அதற்குக் குழி நோண்டுகிற வேலை என்று பெயர். ஊர் சொன்னதுதான் சரி. மண் அணையில் ஒவ்வொரு அடுக்காக மண்ணைக் கொட்டிப் பரப்பி, தண்ணீர் விட்டு, ரோலர் ஓட்டி முடித்ததும், அந்தக் கெட்டித் தரையில் அவர் உட்கார்ந்து நாலு விரல்கடை அகலத்துக்கு, அரை அடி ஆழத்துக்கு ஒரு குழி நோண்டுவார். ஒன்பது வருஷமாக இதைத்தான் செய்தார்.

குழியிலிருந்து வந்த மண்ணை ஒரு பொட்டு சிந்தாமல் அள்ளி எடை போடுவார். அடுத்து குழி எவ்வளவு பெரியது என்று தெரிய வேண்டும். உளியால் குடைந்த கோணல் குழியை எந்த ஸ்கேலால் அளப்பது? அதற்காகச் சலித்துக் காயவைத்த ஆற்று மணலை ஒரு சிலிண்டரில் நிரப்பி, அடியில் இருக்கும் மூடியைத் திறந்து குழிக்குள் இறக்குவார். இறங்கிய மணலின் எடையை வைத்துக் குழியின் அளவைச் சொல்லிவிடலாம். மண்ணின் எடையைக் குழியின் அளவால் வகுத்து, ஈரத்தைக் கழித்தால் அடர்த்தி வந்துவிடும். ஆய்வுக்கூடத்தில் அதே மண்ணை இடித்து இடித்துக் கண்டுபிடித்த உச்ச அடர்த்தியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வந்தால் அந்த அடுக்கு பாஸ். வராவிட்டால் அடுக்கையே கொத்திப் புரட்டி மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நான் அங்கே ஜூனியர் இன்ஜினியராகப் போனது எண்பத்தைந்தில். சித்தேரி மலை அடிவாரத்தில் காட்டோடை ஒன்றுக்குக் குறுக்கே சின்ன மண் அணை. எனக்கு வயது இருபத்தாறு. கல்லூரியில் படித்தது எல்லாம் புதுக்கருக்கு அழியாமல் தலையில் இருந்தது, அதனால் யார் பேச்சையும் கேட்கவேண்டிய அவசியம் எனக்கு ஏற்படவில்லை. சவரிமுத்துவுக்கு நாற்பத்தொன்று. அவர் பேச்சையாவது கேட்டிருக்கலாம்.

அவருடைய ஊர் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம். அப்பா பெரியநாயகம் காட்டு வேலையோடு கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவர். கல்லறைத் திருநாளுக்கு இரண்டு நாள் முன்பே ஊர்ச் சனம் கூடை கூடையாக மண்ணோடு அங்கே வந்து, உள்ளே இறங்கிப்போன சமாதிகளை மேடாக்கிச் சுண்ணாம்பு அடிக்கும். எந்தச் சமாதி எவ்வளவு இறங்கும் என்பது சவரிமுத்துவுக்கு அத்துப்படி. ஐப்பசி ஈரத்தில் மூடியது கொஞ்சம்தான் இறங்கும். சித்திரை வெயிலில் காய்ந்த கட்டியாகத் தள்ளி மூடியது முழங்கால் ஆழம் இறங்கும். முன்பு வேறோர் அணைக்கு மண் சுமக்கும் கூலியாகப் போன இடத்தில் இதைப் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். அங்கிருந்த இன்ஜினியர் கூடையை வாங்கி வைத்துவிட்டு உளியையும் தட்டையும் கையில் கொடுத்துவிட்டார்.

மனுஷர் சிக்கனத்துக்குப் பெயர்போனவர். முக்கியமாக மணலில். அணைப் பக்கம் ஓடையில் கிடைக்கும் மணல் ஒரே சீராக இருக்காது என்று சொல்லி, தீர்த்தமலைக்குப் பக்கத்தில் தென்பெண்ணை ஆற்றுக்கே போய்ச் சாக்கில் அள்ளி வருவார். சாமி கும்பிட வந்த கூட்டத்துக்கு நடுவே ஒரு மணல் மூட்டையோடு கழுத்தில் செபமாலை போட்ட ஆள் ஏறினால் கண்டக்டர் என்ன நினைப்பான்? ஒவ்வொரு தடவையும் சண்டைதான். அப்படிக் கொண்டுவந்த மணல் என்பதால், சோதனை முடிந்ததும் குழிக்குள் கையை விட்டு, கரண்டியால் சுரண்டி, கடைசிப் பருக்கை வரை திரும்ப எடுத்து மூட்டையில் போட்டுக்கொள்வார். நாங்கள் கிண்டல் செய்வோம். "இந்த ஓடையில எங்க சார் இப்படி மணல் கெடைக்குது?" என்பார்.

எண்பத்தாறு தை மாதத்தில் ஒரு நல்ல சேதி வந்தது. பல வருஷம் தினக்கூலியாக இருப்பவர்களை நிரந்தரமாக்கப் பட்டியல் கேட்டிருந்தார்கள். எங்கள் பிரிவில் ஒரே ஒரு இடம். சவரிமுத்துவைத் தவிர வேறு ஆளே இல்லை. ஒரே நிபந்தனை, வேலையில் குறை இருந்ததாகப் பதிவேட்டில் ஒரு வரிகூட இருக்கக் கூடாது. பங்குனி முதல் வாரத்துக்குள் நான் பெயரை எழுதி அனுப்ப வேண்டும். விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரிக்கக்கூட இல்லை. "ராஜமேரிகிட்ட சொல்லலாமுங்களா சார், இல்ல வந்தப்புறம் சொல்லட்டுங்களா?" என்று கேட்டார். சொல்லுங்கள் என்றேன். மனைவியிடம் சொன்னார். பையனை வேலூரில் படிக்கப் போடலாம் என்று அந்த அம்மா அன்றைக்கே முடிவு செய்துவிட்டதாக மறுநாள் வந்து சொன்னார்.

மாசியில் அடுக்குகள் சோதனையில் தோற்க ஆரம்பித்தன.

முதல் நாள் தொண்ணூற்றிரண்டு. கொத்திப் புரட்டி, மறுபடி ரோலர் ஓட்டிப் பார்த்தால் தொண்ணூற்றொன்று. அடுத்த அடுக்கும் தொண்ணூற்றிரண்டு. கோடை மழைக்குள் அணையின் நடுப்பகுதியை மூடியாக வேண்டும், இல்லாவிட்டால் ஓடையில் வரும் முதல் வெள்ளமே கட்டியதைக் கரைத்துக்கொண்டு போகும். ஒப்பந்தக்காரரின் மேஸ்திரி, மாது என்று பெயர், தலையில் அடித்துக்கொண்டார். "மண்ணு அதே மண்ணுங்க. ரோலரு பன்னெண்டு தடவ போவுதுங்க. ஒம்போது அங்குலத்துக்கு மேல ஒரு பிடி கொட்டலைங்க. இனி நான் என்னாங்க பண்றது?"

மண் அதே, ரோலர் அதே, அடுக்கின் கனம் அதே. மிச்சம் இருந்தது தண்ணீர். தண்ணீர் விடுகிறவர் தீர்த்தம்மாள்.

தீர்த்தம்மாளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். அணைக்கு நேர் கீழே இருந்த ஊர். அணை ஆரம்பித்த நாளிலிருந்து டேங்கர் குழாய் அவர் கையில்தான் இருந்தது. ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்திப் பார்ப்பார். உருண்டை உடையாமல் நிற்க வேண்டும், உள்ளங்கையில் ஒட்டவும் கூடாது. அதுதான் அவருடைய அளவுகோல். ஈரம் குறைந்தால் மண்துகள்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும், ரோலர் எத்தனை தடவை ஏறினாலும் நெருங்காது. கூடினால் தண்ணீரே இடத்தை அடைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே ஒரு புள்ளி இருக்கிறது. எங்கள் மண்ணுக்கு அது பன்னிரண்டரை சதவீதம். அந்த அம்மாவுக்குச் சதவீதம் தெரியாது, ஆனால் அவர் கை அந்தப் புள்ளிக்கு அரை சதவீதம் இப்படி அப்படி விட்டு விலகியதே இல்லை.

அந்த வாரம் சவரிமுத்து மண்ணை வாணலியில் வறுத்து ஈரம் பார்த்தபோது பதினொன்றரை வந்தது. ஒரு சதவீதம் குறைவு. எனக்கு அது போதும். தேடிக்கொண்டிருந்த திருடன் கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"என்னம்மா, தண்ணி குறைச்சு விடுறியா? டேங்கர் தண்ணி எங்க போகுது?"

"நான் காலையில விட்டங்க சார். நீங்க ரெண்டு மணி வெயில்ல நோண்டிப் பாத்தா ஈரம் கொஞ்சம் கொறையாதுங்களா?" என்றார் தீர்த்தம்மாள்.

நியாயமான பதில். அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது. எல்லோர் முன்னாலும் அவரை நிறுத்திவிட்டேன். பதிவேட்டில், 'தண்ணீர் போதிய அளவு விடப்படாததால் அடுக்குகள் தவறின, பொறுப்பான பெண் தொழிலாளி நீக்கம்' என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். குழாயைக் கீழே வைத்துவிட்டு அவர் நடந்து போனதை சவரிமுத்து பார்த்துக்கொண்டே நின்றார்.

புதிதாக வந்த பெண் பயந்துபோய்த் தண்ணீரைக் கொட்டு கொட்டென்று கொட்டினாள். ரோலர் ஏறியதும் தரை மெத்தை மாதிரி அமுங்கி எழும்பியது. அடர்த்தி எண்பத்தெட்டு. அந்த அடுக்கை வெட்டி எறிந்து நாலு நாள் காயப்போட வேண்டியதாயிற்று. அந்த நாலு நாளில்தான் சவரிமுத்து யோசிக்க ஆரம்பித்தார்.

இதெல்லாம் அவர் எனக்குப் பிறகு சொன்னது. தோற்றதாகச் சொன்ன அந்த அடுக்குகளில் ஒரு குழி நோண்ட அவருக்கு இருபது நிமிஷம் பிடித்திருக்கிறது. உளி வைத்தால் கல்லில் வைத்த மாதிரி கையில் எகிறியிருக்கிறது. இவ்வளவு கெட்டியான மண் எப்படித் தொண்ணூற்றிரண்டு ஆகும் என்று அப்போதே தோன்றியிருக்கிறது. ஆனால் தராசு சொல்கிறதே என்று விட்டுவிட்டார். சனிக்கிழமை சிலிண்டரிலிருந்த மணலை மூட்டையில் அள்ளிப் போட்டுவிட்டுக் கையைப் பார்த்தால் உள்ளங்கை சிவப்பாக இருந்திருக்கிறது. அன்றைக்கு அவர் தொட்டது மணலை மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு தீர்த்தமலை பஸ் ஏறிப் புது மணல் அள்ளி வந்தார். கிணற்றடியில் ஏழு தண்ணீர் விட்டு அலசி, பாறையில் காயவைத்து, ராஜமேரியின் மாவுச் சல்லடையில் சலித்தார். திங்கட்கிழமை யாரும் வருவதற்கு முன்னால் ஷெட்டைத் திறந்து, ஒரு லிட்டர் டப்பாவில் புது மணலை இறக்கி எடை போட்டார். ஆயிரத்து நானூற்றைம்பது கிராம். தையில் பார்த்த அதே எடை. அதே டப்பாவில் பழைய மணலை இறக்கினார். ஆயிரத்து ஐநூற்று முப்பது.

எண்பது கிராம். குழியின் சுவரைச் சுரண்டிச் சுரண்டி மணலை மிச்சம் பிடித்ததில் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் செம்மண் தூளும் கூடவே வந்திருக்கிறது. மணலுக்கு நடுவே இருந்த இடுக்குகளில் அந்தத் தூள் போய் உட்கார்ந்துகொண்டது. பொடியும் பருக்கையும் கலந்தால் நெருக்கமாக அடையும் என்பது அணை மண்ணுக்கு நாங்கள் விரும்பித் தேடுகிற குணம். அது அளக்கிற மணலுக்குள் வந்தால் சனியன். அதே குழிக்குக் கூடுதல் எடை இறங்கும், குழி பெரியதாகத் தெரியும், நல்ல மண் மட்டமான மண்ணாகக் கணக்கில் வரும். ஆபீசின் பொடிச் சல்லடை மார்கழியிலேயே கிழிந்துவிட்டது. புதியது கேட்டு எழுதியிருந்தோம், வரவில்லை. மாசியில் குடிக்கவே தண்ணீர் தட்டுப்பாடு, மணலை அலச எங்கே போவது என்று அவரும் விட்டுவிட்டார்.

அவர் என்ன செய்தார் என்பதை அப்படியே சொல்லிவிடுகிறேன், பூசி மெழுகவில்லை. அன்றைக்கு யாரிடமும் மூச்சு விடவில்லை. புது மணலைச் சிலிண்டரில் போட்டார். புதுப் பெண்ணும் அதற்குள் அளவாகத் தண்ணீர் விடப் பழகியிருந்தாள். திங்கள் தொண்ணூற்றேழு. செவ்வாய் தொண்ணூற்றாறு. நான் குதித்தேன். "பாத்தீங்களா, ஆளை மாத்தினதும் எப்படி வருது!" என்று மாதுவிடம் பீற்றிக்கொண்டேன். சவரிமுத்து அப்போது தலை குனிந்து உளியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். புதன்கிழமை நான் பட்டியலில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பேன்.

செவ்வாய் சாயந்திரம் வீட்டுக்குப் போகாமல் தீர்த்தம்மாளின் ஊருக்குப் போயிருக்கிறார். மறுபடி வேலைக்கு வரச்சொல்லத்தான். சார்கிட்ட நான் பேசிக்கிறேன், வந்துடு என்று கூப்பிட்டிருக்கிறார். தீர்த்தம்மாள் கட்டிக்கொண்டிருந்த புல்லுக்கட்டை விட்டுவிட்டு எழுந்து நின்று கேட்டாராம்:

"என்னான்னு கூப்பிடுறீங்கண்ணா? பாவம்னா? தண்ணியக் கொறைச்சவன்னு ஊரே சொல்லுது. இந்தக் கரை ஒடைஞ்சா மொதல்ல வர்றது எங்க வூட்டுக்குங்க. எம் புள்ளைங்க இங்கதான் படுக்குது. நான் தண்ணியக் கொறைப்பனா?"

சவரிமுத்து அப்படியே திரும்பிவிட்டார். கடைசி பஸ் போய்விட்டதால் ஊருக்கு நடந்தே போனார்.

புதன்கிழமை காலை என் மேஜைமேல் இரண்டு டப்பாக்களை வைத்தார். ஒன்றில் பழைய மணல், ஒன்றில் புதியது. இரண்டையும் என் கண் முன்னால் எடை போட்டுக் காட்டினார். பிறகு அணைக்குக் கூட்டிப்போனார். இடது கரையில் தோற்ற அடுக்கு ஒன்று கொத்தப்படாமல் அப்படியே கிடந்தது. பழைய குழிக்கு ஒரு முழம் தள்ளி நோண்டிப் புது மணலை இறக்கினார். தொண்ணூற்றேழு.

எனக்கு விஷயம் புரிந்ததும் முதலில் வந்தது வெட்கம் இல்லை, பயம். ஏனென்றால் மணலை வாரம் ஒரு தடவை டப்பாவில் எடை பார்த்துச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. சரிபார்த்தேன் என்று வாராவாரம் கையெழுத்துப் போட்டிருந்தது நான். ஒரு வாரம்கூட டப்பாவை நான் பார்த்ததில்லை.

"சவரிமுத்து, இதை இப்படியே விட்டுடலாம். அந்தம்மாவ நாளைக்கே கூப்பிட்டுக்கறேன். பட்டியல் இன்னைக்குப் போகுது. அது உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியுங்க சார்."

"அப்புறம் என்ன?"

"அவங்க பேரு பொஸ்தகத்துல இருக்குதுங்களே. தண்ணி கொறைஞ்சதுன்னு. தண்ணி கொறையலைங்க. கொறைஞ்சது என் வேலைங்க."

"ஒன்பது வருஷம் ஐயா!" என்று கத்தினேன். "பையனை வேலூர்ல போடணும்னு சொன்னீங்க!"

"ஆமாங்க" என்றார். கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளவும் இல்லை. பதிவேட்டை என் பக்கமிருந்து இழுத்து, நான் எழுதியிருந்த வரிக்குக் கீழே ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். 'சோதனை மணலில் செம்மண் கலந்திருந்தது. நான் கவனிக்கவில்லை. தண்ணீர் சரியாக விடப்பட்டது. தீர்த்தம்மாள் பேரில் தவறு இல்லை. சவரிமுத்து.'

அதற்குக் கீழே நான் எழுதவேண்டிய வரி ஒன்று இருந்தது. வாராவாரம் பார்த்ததாகக் கையெழுத்திட்டது பொய் என்று. பேனா என் கையில்தான் இருந்தது. 'பார்வையிடப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தீர்த்தம்மாள் வியாழக்கிழமை வந்தார். எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னார். மாது படித்தார். இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் குழாயைக் கையில் எடுத்தார். பட்டியலை நான் புதன்கிழமையே அனுப்பியிருந்தேன், சவரிமுத்துவின் பெயரோடுதான். வெறும் சம்பிரதாயம், பதிவேட்டின் நகலும் கூடவே போகும் என்பது எனக்குத் தெரியும். சித்திரை பிறந்ததும் எக்ஸிகியூடிவ் இன்ஜினியர் ஆபீசிலிருந்து திரும்பி வந்தது. அவர் பெயரைச் சிவப்பு மையில் அடித்திருந்தார்கள். எங்கள் பிரிவுக்கு ஒதுக்கிய இடம் வேறு எங்கோ போய்விட்டது.

காகிதத்தை எடுத்துக்கொண்டு அணைக்குப் போனேன். சவரிமுத்து ஒரு குழிமேல் சிலிண்டரை வைத்துவிட்டு அப்போதுதான் மூடியைத் திறந்திருந்தார். கையைக் காட்டி என்னை நிற்கச் சொன்னார். பக்கத்தில் யாராவது நடந்தால் அதிர்வில் மணல் இன்னும் இறுகி உட்காரும், எடை மாறிவிடும். நான் நின்றேன். மணல் இறங்கி முடிகிற வரை இரண்டு பேரும் அசையவில்லை. மூடியை மூடி, சிலிண்டரை எடை போட்டு, எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகுதான் நிமிர்ந்தார்.

"பேரு வரலைங்களா சார்?"

"வரலை."

கரையைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பக்கம் தீர்த்தம்மாள் அடுத்த அடுக்குக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"உங்க மேல ஏதும் எழுதிட்டாங்களா சார்? வாராவாரம் கையெழுத்துப் போட்டீங்களே, அத பத்தி?"

"இல்லை. ஒண்ணும் எழுதலை."

"நல்லதாப் போச்சுங்க" என்றார். "எனக்கு அதேதான் ரோசனையா இருந்துச்சு. சின்ன வயசு, நீங்க இன்னும் மேல போகணுமில்லீங்களா."

கிண்டலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த மனுஷர் கிண்டல் செய்யவில்லை. அந்த ஒரு மாதமும் தன் வேலையோடு என் வேலைக்காகவும் நிஜமாகவே கவலைப்பட்டிருந்தார். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நான் அங்கேயே நின்றேன். அவர் குழிப்பக்கம் குனிந்து, சுவரில் கை படாமல், நடுவில் இருந்த மணலை மட்டும் அள்ள ஆரம்பித்தார்.